பேரின் பாத்தியதை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய கொலுசை மாற்றப் போனவர்கள் கவனித்திருப்பார்கள். கடைக்காரர் கொலுசை வாங்கியதும் தராசில் போடமாட்டார். கொக்கியைத் திருப்பி வெளிச்சத்துக்குக் காட்டுவார். கண் பழகாதவருக்கு அங்கே ஏதோ கீறல் மாதிரி இருக்கும். பழகியவருக்கு அது இரண்டு மூன்று ஆங்கில எழுத்து. அதைப் படித்த பிறகுதான் வெள்ளி எவ்வளவு தேறும் என்று வாயைத் திறப்பார். அந்த எழுத்து பெரும்பாலும் ஒரு மனிதரின் பேர்: அப்பாவின் முதலெழுத்து, மகனின் முதலெழுத்து, சில இடங்களில் தாத்தாவுடையதும். உரைகல்லுக்கு முந்தி அந்தப் பேரைத்தான் கடை நம்புகிறது.

பேர் யாருக்குச் சொந்தம் என்று ஊரில் கேட்டால் வைத்துக்கொண்டவனுக்கு என்பார்கள். வக்கீலிடம் கேட்டால்தான் குழப்பம். இந்தியச் சட்டத்தில் ‘பேர்’ என்று தலைப்பிட்ட சொத்து கிடையாது. பதிப்புரிமைச் சட்டத்தில் கொஞ்சம், வணிகச் சின்னச் சட்டத்தில் கொஞ்சம், கூட்டாண்மைச் சட்டத்தில் ஒரு பிரிவு, அந்தரங்க உரிமைத் தீர்ப்புகளில் சில பத்திகள் என்று சிதறிக் கிடக்கிறது. அவற்றை எங்கள் பக்கத்து மனிதர்களை வைத்து ஒருமுறை சுற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலம், நாமக்கல் காட்டுப்பக்கத்தில் பேர் என்பது பங்காளிகளின் பொதுக்கிணறு. யார் வெட்டியது என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் இறைப்பார்கள், முறை தப்பினால் வெட்டுக்குத்து. சட்டமோ அதை நாலு மூலையிலும் கல் நட்ட வீட்டுமனையாகப் பார்க்கிறது. எங்கள் பக்கத்துப் பேர்த் தகராறுகள் இந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன.

பதிப்புரிமையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ‘கடைப் பேருக்குக் காப்பிரைட் வாங்கி வைத்திருக்கிறேன்’ என்று பெருமையாகச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கியிருக்க முடியாது. 1957ஆம் ஆண்டுச் சட்டம் காப்பது படைப்பை. ஓரிரு சொல் படைப்பாகாது. சினிமாத் தலைப்புக்கே பதிப்புரிமை கிடையாது என்று 2015இல் கிருஷிகா லுல்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘தேசி பாய்ஸ்’ என்ற இந்திப் படத்தின் தலைப்பைப் பற்றிய தகராறு அது. அப்பா அம்மா வைத்த பேருக்கு எங்கிருந்து கிடைக்கும்?

எழுதிய விதத்துக்குக் கிடைக்கும். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில், வண்டியின் நெற்றியில் முதலாளி மகளின் பேரை எழுதுகிற ஓவியரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மஞ்சளில் எழுத்து, அதன் வலப்பக்கம் சிவப்பில் நிழல், நிழலுக்குக் கறுப்பில் ஓரம், கடைசி எழுத்தின் வாலை இழுத்து ஒரு மயிலில் கொண்டுபோய் முடிப்பார். அந்தக் கோலம் கலைப்படைப்பு. ‘கவிதா’ என்ற மூன்று எழுத்துக்குப் பதிப்புரிமை இல்லை, மயிலில் முடிகிற கவிதாவுக்கு உண்டு. அதிலும் ஒரு வேடிக்கை. காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் வரையச் சொன்னவர்தான் என்கிறது 17ஆம் பிரிவு. மயில் ஓவியருடைய கையில் பிறந்து லாரிக்காரருக்குப் போய்விடுகிறது.

படைப்புக்கும் பேருக்கும் இருக்கிற தூரத்தைக் காட்ட எங்கள் பக்கம் இரண்டு எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். 1888இல் மோகனூரில் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளையை யாரும் அந்தப் பேரால் சொல்வதில்லை. நாமக்கல் கவிஞர் என்பதே பேராகிவிட்டது. ஊரையும் தொழிலையும் சேர்த்தால் அவர். அவருடைய நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஆனால் நாட்டுடைமையானது எழுத்து மட்டும். இன்னொருவர் எழுதியதை ‘நாமக்கல் கவிஞர் எழுதியது’ என்று போட்டு விற்க அது அனுமதிச் சீட்டு ஆகாது. கோட்டை வளாகத்தில் பத்து மாடிக் கட்டடத்துக்கு நாமக்கல் கவிஞர் மாளிகை என்று அரசு பேர் வைத்ததற்கும் பதிப்புரிமைக்கும் சம்பந்தமில்லை.

இன்னொருவர் பெருமாள்முருகன். 2010இல் வந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்குத் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியபோது அவர் நாமக்கல் அரசு கல்லூரியில் தமிழாசிரியர். 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான், இனி பெ. முருகன் என்ற ஆசிரியர் மட்டுமே இருப்பார் என்று அறிவித்தார். சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆளும் பேரும் வேறு என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உடம்பு ஒன்று, பேர் இரண்டு, ஒன்று செத்து ஒன்று சம்பளம் வாங்குகிறது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, எழுத்துக்குத் திரும்பச் சொன்னது. அவரும் திரும்பினார். பதிப்புரிமைச் சட்டம் பேருக்குக் கொடுக்கிற மரியாதை 57ஆம் பிரிவில் இருக்கிறது. உரிமையை முழுக்க விற்றுவிட்ட பிறகும், இதை எழுதியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் பாத்தியதை எழுதியவனை விட்டுப் போகாது.

வணிகச் சின்னம் வேறு கதை. அங்கே பேருக்கு இடமுண்டு. 1999ஆம் ஆண்டுச் சட்டம் சின்னம் எது என்று அடுக்கும்போது பேரையும் கையெழுத்தையும் சேர்த்தே சொல்கிறது. அதற்கு முந்தைய 1958ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வளவு தாராளமாக இல்லை. ஊர்ப் பேர், குடும்பப் பேர், ஆள் பேர், சாதிப் பேர் எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்தி, இது இன்னாருடைய சரக்கு என்று ஜனங்கள் மனதில் பதிந்துவிட்டதற்கு ஆதாரம் கேட்டது. 2003 செப்டம்பரில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பட்டியல் போய்விட்டது. கேள்வி மட்டும் போகவில்லை. ‘முருகன்’ என்று பதிவு கேட்டுப் போனால் கிண்டி அலுவலகத்தில் இன்றைக்கும் முதலில் கேட்கப்படுவது அதுதான்: எந்த முருகன்?

இந்தியாவில் பேர் பற்றிய பெரிய வழக்குகளைப் பாருங்கள். பஜாஜ், கிர்லோஸ்கர், கோயங்கா, ஜிண்டால், ரெட்டி. எல்லாம் குடும்பப் பேர் அல்லது சாதிப் பேர். பிறக்கும்போதே முதுகில் ஒட்டிக்கொண்டு வருபவை. நம் ஆட்கள் பேருக்குப் பின்னால் இருந்ததை வெட்டிவிட்டு, பேருக்கு முன்னால் அப்பாவின் எழுத்தை வைத்துக்கொண்டவர்கள். அதனால் அந்தத் தீர்ப்புகளை அப்படியே கொண்டுவந்து இங்கே பொருத்தினால் சட்டை தோளில் நிற்காது.

ஒரு பேச்சுக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தா சு. கந்தசாமி. அவர் மகன் க. சுப்பிரமணி. சுப்பிரமணி தன் மூத்த மகனுக்கு, வழக்கப்படி, தாத்தா பேரை வைக்கிறார். அந்தப் பையன் சு. கந்தசாமி. இனிஷியல் உட்பட ஒரு புள்ளி மாறாமல் தாத்தாவின் பேர். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே, பெயரைத் தாங்குகிறவன். சுப்பிரமணியின் தம்பி பழனி. அவரும் சும்மா இருப்பாரா? அவர் மூத்த மகன் ப. கந்தசாமி. தாத்தா ஆரம்பித்தது கந்தசாமி மெஸ். இரண்டு பேரன்களும் சமையல்கட்டில் வளர்ந்தவர்கள், இரண்டு பேரும் பள்ளிச் சான்றிதழ்படி கந்தசாமி. இப்போது பலகையில் யார் எழுதுவது?

சட்டம் இதற்கு 35ஆம் பிரிவை நீட்டும். பதிவு பெற்ற சின்னத்தின் சொந்தக்காரர்கூட, இன்னொருவர் தன் சொந்தப் பேரை நேர்மையாகப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது. சொந்தப் பேர் மட்டுமில்லை, தொழிலில் தனக்கு முன்னால் இருந்தவரின் பேரும் இதில் சேரும். அதாவது தாத்தாவின் பேர். ராக்கியான் என்ற டெல்லி நகைக்கடைக் குடும்பத்தின் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் காட்டித்தான் உறவினர் இரு தரப்பும் அந்தப் பேரோடு வியாபாரம் செய்யலாம் என்றது. அப்படியானால் சு. கந்தசாமியும் ப. கந்தசாமியும் எதிரெதிரே கடை போடலாம்.

போடலாம், ‘நேர்மையாக’ என்ற சொல்லைத் தாண்டினால். மொத்த வழக்கும் அந்தச் சொல்லின் மேல்தான் நடக்கும். இனிஷியலைப் போட்டானா விட்டானா, பழைய கடையின் சிவப்பு மஞ்சளையே பலகைக்கு எடுத்தானா, தாத்தா போட்டோவை வாசலில் மாட்டி ‘1962 முதல்’ என்று எழுதினானா, எதிர்க்கடைக்கு வந்த ஆள் தெரியாமல் இங்கே ஏறுகிறாரா. 2001இல் மகேந்திரா காகித ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் மகிந்திரா நிறுவனத்தின் பக்கம் நின்றது. மகேந்திரா சாதாரண மனிதப் பேர்தானே என்ற வாதம் எடுபடவில்லை. 2004இல் டாக்டர் ரெட்டீஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இன்னொரு ரெட்டியைத் தடுத்தது. கோயங்கா பள்ளிக்கூட வழக்கில், 2009இல், அதே நீதிமன்றம், பள்ளியை நடத்தும் அறக்கட்டளையின் பேரையும் சேர்த்துப் போடுவது மாதிரியான நிபந்தனைகளோடு இருவரையும் தொடர விட்டது. 2024இல் ஜிண்டால் வழக்கில் தன் பேரைத் தன் சரக்கில் போடுகிறவனைத் தடுக்க முடியாது என்ற பக்கம் சாய்ந்தது. ஒரே பாட்டையில் போகிற தீர்ப்புகள் என்று சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் தெளிவு. மனிதனுக்குக் கிடைக்கிற இந்தச் சலுகை கம்பெனிக்கு எளிதில் கிடைப்பதில்லை. மனிதன் தன் பேரைத் தேர்ந்தெடுத்துப் பிறப்பதில்லை, கம்பெனி தேர்ந்தெடுத்துத்தான் பிறக்கிறது. மெஸ்ஸைப் பிரைவேட் லிமிடெட்டாக மாற்றுகிறவர்கள் ஆடிட்டரிடம் வரியை மட்டும் கேட்கிறார்கள், இதைக் கேட்பதில்லை.

நீதிமன்றம் கோயங்காக்களுக்குச் சொன்ன மருந்தை நம் கடைக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ‘எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது’ என்ற பலகை இல்லாத கடைவீதி உண்டா? பழைய, அசல், ஒரிஜினல், இதுவே முதல் கடை. சட்டக் கண்ணால் பார்த்தால் இவையெல்லாம் வேறுபாடு காட்டும் அறிவிப்புகள். என்ன, இரண்டு கடையும் அதே பலகையை மாட்டுவதால் பயன் குறைந்துவிடுகிறது.

பேருக்குச் சிக்கல் என்றால் எழுத்துக்கு இன்னும் சிக்கல். எங்கள் பக்கத்துத் தொழில்களுக்கு முழுப்பேர் வைப்பதைவிட இனிஷியல் வைப்பதில்தான் ஆசை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடு முழுக்கப் போய்த் துளை போடுகின்றன, வண்டியின் பக்கவாட்டில் ஆளுயரத்துக்கு மூன்று எழுத்து. சேலத்து கே.பி.என். டிராவல்ஸின் மூன்றெழுத்து கே. பி. நடராஜன் என்ற மனிதருடையது. கோவை பழமுதிர் நிலையத்தைச் சுருக்கினாலும் அதே கே.பி.என். வருகிறது, அந்தச் சுருக்கத்தில் இப்போது காய்கறிக் கடைகளும் நடக்கின்றன. ஒன்று பஸ், ஒன்று தக்காளி. சட்டம் சரக்கையும் சேவையையும் 45 வகுப்புகளாகப் பிரித்து வைத்திருப்பது இதற்காகத்தான். கொலுசு 14, முட்டை 29, ஜவ்வரிசி 30, போர்வெல் 37, பஸ் 39, மெஸ் 43. வகுப்பு வேறாக இருந்து ஜனங்களுக்குக் குழப்பமும் இல்லையென்றால் ஒரே எழுத்து இரண்டு பேருக்கு இருந்துவிட்டுப் போகலாம். ரொம்பப் பிரபலமான சின்னம் என்று அங்கீகாரம் பெற்றவற்றுக்கு மட்டும் வகுப்பைத் தாண்டியும் கை நீளும்.

பட்டப்பேருக்கும் இதே மரியாதை உண்டு. திண்டுக்கல்லில் 1957இல் ஆனந்த விலாஸ் என்ற பேரில் பிரியாணிக்கடை ஆரம்பித்தார் நாகசாமி நாயுடு. எப்போதும் தலைப்பாகை கட்டியிருப்பார். ஜனங்கள் கடைப் பலகையைப் படிக்கவில்லை, முதலாளியின் தலையைப் படித்தார்கள். தலப்பாக்கட்டி என்பது அவர் வைத்த பேரும் இல்லை, அவருக்கு வைத்த பேரும் இல்லை, வாடிக்கையாளர் வாயில் வந்த பேர். பிற்பாடு அந்தப் பேர்தான் சொத்தாகி, தலப்பாக்கட்டா தலப்பாக்கட்டியா என்று உயர் நீதிமன்றம் வரை போனது. பிறப்புச் சான்றிதழில் இல்லாத பேருக்கே நீதிமன்றம் வேலை செய்கிறது என்றால், சட்டம் காப்பது பேரையா பேர் சொன்னதும் நாக்கில் ஊறுவதையா என்று யோசித்துப் பாருங்கள்.

ஊரே ஆளாகிவிடுவதும் நம்மிடம் உண்டு. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் என்றால் நாதஸ்வரம், ஊரை எடுத்துவிட்டால் ஆயிரம் கிருஷ்ணன்களில் ஒருவர். பத்திரிகைகள் ‘எடப்பாடி அறிக்கை’ என்று எழுதும்போது அந்த நகராட்சி அறிக்கை விட்டதாக யாரும் நினைப்பதில்லை.

சாமி பேர் தனி. மகனுக்கும் கடைக்கும் வைப்பதற்குச் சாமியை விட்டால் நமக்கு யார்? திருச்செங்கோட்டைச் சுற்றி அர்த்தநாரிகளும் செங்கோடன்களும், காளிப்பட்டிப் பக்கம் கந்தசாமிகளும், நாமக்கல்லில் நாமகிரிகளும். புனித நூலின் பேரை ஒருவர் தனியாகக் கொண்டாட முடியாது என்று ‘ராமாயண்’ ஊதுவத்தி வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலுக்கும் நெய்க்கும் ‘கிருஷ்ணா’ என்று வைத்தவர், அந்தச் சொல் ஜனங்கள் மனதில் தன் சரக்கை மட்டுமே குறிக்கிறது என்று காட்டாமல் பிறரைத் தடுக்க முடியவில்லை. கர்நாடகப் பால் கூட்டமைப்பின் ‘நந்தினி’க்கு எதிரே ‘நந்தினி டீலக்ஸ்’ ஓட்டல் நின்றபோது 2018இல் உச்ச நீதிமன்றம் ஓட்டலையும் வாழவிட்டது. மகன் பேரும் சாமி பேரும் ஒன்றாக இருக்கிற ஊரில், 35ஆம் பிரிவின் ‘சொந்தப் பேர்’ யாருடைய பேர் என்று கேட்டால் கோயில் பூசாரிதான் பதில் சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னது பேரை வைத்துப் பிழைப்பவர்கள் கதை. பேரை இன்னொருவன் வைத்துப் பிழைத்தால்? பிரபலங்களின் ஆளுமை உரிமை என்று இன்றைக்குப் பத்திரிகைகளில் அடிபடுகிற விஷயம் இதுதான். அமிதாப் பச்சன் 2022இல், அனில் கபூர் 2023இல் டெல்லியில் தடையுத்தரவு வாங்கினார்கள். ரஜினிகாந்த் 2023 ஜனவரியில் வக்கீல் மூலம் பொது அறிவிப்பே விட்டார். அதற்கு எட்டு வருடம் முன்பே, ‘மைன் ஹூன் ரஜினிகாந்த்’ என்ற இந்திப் படத்துக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் அவருக்குத் தடை கிடைத்தது. ஜனங்கள் ஏமாந்தார்களா இல்லையா என்பதே தேவையில்லை, பார்த்ததும் இன்னார் என்று தெரிந்தால் போதும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். படம் பேரை மாற்றிக்கொண்டு வந்தது.

இந்த உரிமைக்கெல்லாம் வேர் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனால் நட்சத்திரங்களின் பங்களாவில் இல்லை, சேலம் மத்திய சிறையில் இருக்கிறது. கௌரிசங்கர் என்ற ஆட்டோ சங்கர், கொலைக் குற்றங்களுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றவர், சிறையில் இருந்தபடி எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை நக்கீரன் வெளியிட இருந்தது. சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு பத்திரிகைச் சுதந்திரத்துக்குப் பேர்போனது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட யாருடைய அனுமதியும் வேண்டாம், வெளியாகும் முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்றது. ஆனால் போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னது. ஒரு மனிதனின் பேரையோ உருவத்தையோ அவன் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்கோ வேறெதற்கோ எடுத்தால் அது அவனுடைய அந்தரங்க உரிமையை மீறுவது. ரஜினிகாந்த் முதல் பச்சன் வரை இன்றைக்குக் கட்டியிருக்கிற கோட்டைக்கு அந்த வரிதான் கடைக்கால். தீர்ப்பு வந்த ஏழாவது மாதம், 1995 ஏப்ரல் 27 அன்று, ஆட்டோ சங்கர் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். பட்டப்பேர் மட்டும் சட்டப் புத்தகங்களில் நிற்கிறது.

செத்த பிறகு பேர் என்னாகும்? இங்கே சட்டம் இரண்டு வாயால் பேசுகிறது. ‘தலைவி’ படத்தைத் தடுக்க ஜெயலலிதாவின் அண்ணன் மகள் போட்ட வழக்கில், அந்தரங்க உரிமை ஆளோடு போய்விடும், வாரிசுக்கு இறங்காது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வணிகச் சின்னச் சட்டத்தின் 14ஆம் பிரிவோ, உயிரோடு இருப்பவரோடு அல்லது இறந்து 20 வருடம் ஆகாதவரோடு சம்பந்தம் இருப்பதாகப் பொய்யாகக் காட்டும் சின்னத்துக்கு, அவருடைய அல்லது சட்டப் பிரதிநிதியின் சம்மதத்தைப் பதிவாளர் கேட்கலாம் என்கிறது. ஆக ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக எடுக்க வாரிசின் அனுமதி வேண்டாம், அவர் பேரில் சோப்புக்குச் சின்னம் பதிய 2036 டிசம்பர் வரை கேட்க வேண்டி வரலாம். 1987இல் இறந்த எம்.ஜி.ஆருக்கு அந்தக் கெடு 2007இலேயே முடிந்துவிட்டது. அமெரிக்காவில் இதே மாதிரிச் சம்மத விதியை எதிர்த்து, டிரம்ப் பேரைக் கேலியாகச் சட்டையில் போட்டு விற்க நினைத்த ஒருவர் போராடினார். 2024இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விதியின் பக்கம் நின்றது.

அதே பேருள்ள சாதாரண ஆள் குறுக்கே வந்தால்? டெல்லியில் மதுக்கூடம் நடத்திய ஒருவர் தன் பேரைப் பலகையில் போட்டிருந்தார். பேர் கௌதம் கம்பீர். கிரிக்கெட் வீரர் கௌதம் கம்பீர் வழக்குப் போட்டார், 2017இல் தோற்றார். அது கடைக்காரருக்கு அவர் அப்பா அம்மா வைத்த பேர். 2025இல் பாடகர் சோனு நிகம் மும்பையில் வேறு மாதிரி வழக்குப் போட்டார். அதே பேரில் சமூக வலைத்தளத்தில் எழுதிய வக்கீல் ஒருவருக்குப் போக வேண்டிய வசவு பாடகருக்கு வந்துகொண்டிருந்தது. வக்கீலைப் பேரைப் பாதியில் வெட்டாமல் முழுதாகப் போடச் சொன்னது நீதிமன்றம். நம் ஊர்க்காரராக இருந்தால் இனிஷியலைப் போடப்பா என்பதோடு முடிந்திருக்கும்.

காந்தி மாதிரிச் சிலர் பேருக்குக் காவல் கடுமை. 1950ஆம் ஆண்டுச் சட்டம் மகாத்மா காந்தி, சத்ரபதி சிவாஜி, பிரதமர் ஆகியோரின் பேரையும் படத்தையும் அரசு அனுமதியின்றி வியாபாரத்துக்கு எடுக்கக் கூடாது என்கிறது. காலண்டருக்கு மட்டும் ஒரு விலக்கு, அதிலும் சரக்குக்கு விளம்பரமாக இருக்கக் கூடாது. திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925இல் தொடங்கிய காந்தி ஆசிரமம் இந்தச் சட்டத்துக்குக் கால் நூற்றாண்டு மூத்தது. அந்தப் பேரை எதற்கு வைத்தார்களோ அந்தக் கதரை அங்கே இன்றும் நெய்து விற்கிறார்கள்.

இனி கிணற்றுக்கு வருகிறேன். பங்காளிகள் பேரைச் சேர்ந்து பதிந்துகொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வணிகச் சின்னச் சட்டத்தின் 24ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுப்பதில்லை. இருவரும் ஒரே தொழிலாகச் சேர்ந்து பயன்படுத்தினால் கூட்டாகப் பதியலாம். ஆளுக்கொரு கடை வைத்துத் தனித்தனியே பயன்படுத்தினால் முடியாது. அதாவது முறை வைத்து இறைக்கும் கிணற்றைச் சட்டம் கிணறாக ஏற்பதில்லை. அதிகபட்சம் 12ஆம் பிரிவின்படி, இரண்டு பேரும் நெடுங்காலம் நேர்மையாகப் பயன்படுத்தியதைக் காட்டித் தனித்தனிப் பதிவு கேட்கலாம். அண்ணன் தம்பி கூட்டாண்மையாக நடத்தியிருந்தால் 1932ஆம் ஆண்டுச் சட்டம் கைகொடுக்கும். அதில் நற்பெயர் தொழிலின் சொத்து. பிரிந்து நற்பெயரை விற்ற பிறகு விலகியவர் போட்டிக்கடை போடலாம், பழைய பேரைப் போடக் கூடாது. பேரையும் சேர்த்து விற்றவரின் கதி என்ன என்று கேட்டால், லண்டனில் எலிசபெத் இமானுவேல் என்ற உடை வடிவமைப்பாளர் தொழிலைத் தன் பேரோடு விற்றுவிட்டு, பிறகு அந்தப் பேரை வாங்கியவர்களிடமிருந்து மீட்க முடியாமல் 2006இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தோற்றார். அவர் பேர் கழுத்துப்பட்டையில் இருந்தது, அவர் அங்கே இல்லை.

பதிவு ஒன்றும் மலையேறுவது அல்ல. தனி ஆளுக்கும் சிறு தொழிலுக்கும் இணையவழியில் வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்க்கு 9,000. இதழில் வந்து நாலு மாதம் எதிர்ப்புக்குக் காத்திருக்க வேண்டும், பதிவானால் பத்து வருடம். வழக்கென்றால் சேலம், நாமக்கல் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். ஜி.எஸ்.டி. எண் வாங்கியதையும் உத்யம் சான்றிதழையும் பேருக்கான பட்டா என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். அவை இரண்டும் பேரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

எங்கள் உறவில் ஒரு வெள்ளிப்பட்டறை வீட்டில் பாகம் பிரித்தபோது பத்திர எழுத்தர் மேசை அருகே நானும் உட்கார்ந்திருந்தேன். கிணற்றுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதினார்கள். திங்கள் காலை ஆறு மணியிலிருந்து வியாழன் மாலை ஆறு வரை மூத்தவர், மீதி இளையவர், மோட்டார் ரிப்பேர் பாதிப்பாதி, வரப்பில் நடக்கும் பாத்தியதை இருவருக்கும். தென்னையை எண்ணிப் பிரித்தார்கள். தளவாடச் சாமான்கள் என்ற தலைப்பில் கம்பி இழுக்கும் மெஷின் 1, தராசு 2, பழைய பீரோ 1, சீல் அடிக்கும் அச்சு 1 என்று வந்தது. அச்சுக்கு எதிரே மதிப்பு 200 ரூபாய். அது மூத்தவருக்குப் போனது. அதில் இருந்த மூன்றெழுத்தைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு வரி இல்லை, யாரும் கேட்கவும் இல்லை, நான் உட்பட.

அடுத்த வாரமே இளையவர் இன்னொரு அச்சு வெட்டிக்கொண்டார். அப்பாவின் பேர்தானே, அவருக்கும் அப்பாதானே. இப்போது இரண்டு பட்டறைக் கொலுசிலும் ஒரே மூன்றெழுத்து. உற்றுப் பார்த்தால் இளையவரின் அச்சில் நடு எழுத்தின் கால் கொஞ்சம் நீளம். செவ்வாய்ப்பேட்டையில் வயதான கடைக்காரர் ஒருவருக்கு மட்டும் அது பிடிபட்டிருக்கிறது. கொக்கியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, இது அண்ணனுடையது, இது தம்பியுடையது என்று தனித்தனியாக வைக்கிறார்.